34 பேர், 3 இரவு, ஒரு தீவு: சின்னக் கல்யாணத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி

என் தங்கையின் கல்யாணம் ஒரு சின்னத் தீவில் நடந்தது. மொத்தம் 34 பேர், மூன்று இரவு. விமான நிலையத்திலிருந்து வேனில் 40 நிமிடம், அப்புறம் படகில் ஒன்றே கால் மணி நேரம். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் வேலையில் மூச்சுவிட நேரமில்லாததால் வரவு செலவு முழுவதும் என் பொறுப்பில் வந்தது. எட்டு மாதம் ஓர் எக்செல் தாளோடு வாழ்ந்தேன். பிறகு இரண்டு தோழிகளின் கல்யாணத்துக்கும் அதே தாளைத் திருத்திக் கொடுத்தேன். மூன்றும் வெவ்வேறு தீவுகள். ஆனால் பணம் கசிந்த இடங்கள் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அந்த இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு ஆகும் என்று தேடத் தொடங்கும் எல்லோரும் முதலில் ரிசார்ட்டின் கல்யாணப் பேக்கேஜ் விலையைப் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் பாருங்கள். அதில் இருப்பது ஓர் அலங்கார வளைவு, கொஞ்சம் பூ, ஒரு கேக், ஒரு மணி நேரப் போட்டோ. மொத்தச் செலவில் அது சின்னத் துண்டு. பெரிய செலவை முடிவு செய்வது இரண்டே எண்கள்: எத்தனை பேர், எத்தனை இரவு.

ஒரு ஜோடி கூடினால் என்ன கூடும்

ஊரிலேயே நடக்கும் கல்யாணத்தில் ஒருவர் கூடினால் ஒரு சாப்பாடு கூடும், அவ்வளவுதான். தீவில் அப்படி இல்லை. எங்கள் தாளில் ஒரு கணவன் மனைவியைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தேன். ஓர் அறை மூன்று இரவுக்கு. காலை உணவு அறை வாடகையோடு போய்விடும் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மதியம், மூன்று இரவு என்று தலைக்கு ஐந்து சாப்பாடு, இரண்டு பேருக்குப் பத்து. போக வர நான்கு படகு இருக்கை, நான்கு வேன் இருக்கை. இரண்டு வாடகை நாற்காலி. எட்டுப் பேர் மேசை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் புதிதாக ஒரு மேசை, அதற்கு விரிப்பு, அதன் நடுவில் வைக்கப் பூ, தலைக்கு மேல் இன்னொரு வரிசை விளக்கு.

இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் விருந்தினர் பட்டியல் பற்றிய பேச்சு உண்மையான பேச்சாக மாறியது. முதல் பட்டியலில் 51 பேர் இருந்தார்கள். அம்மாவுக்கு யாரையும் எடுக்க மனமில்லை. நான் பெயர்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த வரியின் தொகையை எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அன்று இரவு அம்மாவே பேனாவை எடுத்தார். மணமக்கள் இருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் யார் என்று பார்த்தோம். 34 வந்தது. மற்றவர்களுக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு மாலை விருந்து என்று முடிவு செய்தோம். அந்த விருந்துக்குத் தனித் தாள் போடுங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் தீவுச் செலவு கையை மீறுவது கடைசி வரை தெரியாது.

இரவுகளையும் இப்படியே பாருங்கள். 17 அறை, மூன்று இரவு என்றால் 51 அறை இரவு. நான்காவது இரவு சேர்ந்தால் 68. அந்த நான்காவது நாளில் நீங்கள் எதுவும் ஏற்பாடு செய்யாவிட்டாலும் எல்லோரும் சாப்பிடுவார்கள், எங்காவது அழைத்துப் போகச் சொல்வார்கள். தங்க விரும்புகிறவர்கள் தங்கள் செலவில் தங்கட்டும். அதற்குக் குழு வாடகையையே நீட்டிக் கொடுக்க முடியுமா என்று ரிசார்ட்டிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள், போதும்.

யார் கொடுப்பது

என் தாளில் ஒவ்வொரு செலவுக்கும் எதிரே தொகையைவிட முக்கியமான ஒரு கட்டம் உண்டு: ‘யார் கொடுப்பது’. மணமக்கள், பெண் வீடு, பிள்ளை வீடு, விருந்தினர் என்று நான்கு பதில்கள் மட்டும். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

எங்கள் ஏற்பாடு இது: விமான டிக்கெட் அவரவர் செலவு. நெருங்கிய குடும்பத்தின் ஏழு அறைகள் எங்கள் செலவு, மற்ற பத்து அறைகளை விருந்தினர்களே நேரடியாகக் கட்டினார்கள். வேன், படகு, எல்லாச் சாப்பாடும் எங்களுடையது. இதை அழைப்போடு சேர்த்து நான்கு வரியில் எழுதி அனுப்பினோம். எழுதும்போது கை கூசியது உண்மைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு, “தெளிவாகச் சொன்னது நல்லதாகப் போயிற்று, இப்போதே டிக்கெட் பார்க்கிறேன்” என்று முதலில் போன் செய்தவர் எங்கள் சித்தப்பாதான்.

தோழி ஒருத்தியின் கல்யாணத்தில் இதைச் சொல்லத் தயங்கி விட்டுவிட்டார்கள். கடைசி நாள் காலை, அறையைக் காலி செய்யும் நேரத்தில், வயதான தம்பதி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் நின்ற காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அறை வாடகை கல்யாண வீட்டுச் செலவு என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். தோழி ஓடிப்போய்த் தன் கார்டைக் கொடுத்தாள். அன்று அவள் பட்ஜெட்டில் ஆறு அறை கூடியது.

அறைகளை மொத்தமாகப் பிடிக்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள். பிடித்த அறைகளில் இத்தனை சதவீதம் நிரம்பாவிட்டால் காலி அறைக்கும் நீங்களே பணம் கட்ட வேண்டும் என்று இருக்கும். பல இடங்களில் அது 80 சதவீதம். 17 அறை பிடித்தால் 14 நிரம்ப வேண்டும் என்று பொருள். விருந்தினர்கள் தாங்களே கட்டுகிறார்கள் என்றாலும் இந்தப் பொறுப்பு உங்கள் கழுத்தில்தான் இருக்கும். அதனால் வருவது உறுதியானவர்களுக்கு மட்டும் பிடியுங்கள். எந்தத் தேதிவரை அறையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைக் கேட்டு, விருந்தினர்கள் பதில் சொல்ல வேண்டிய நாளை அதற்குப் பத்து நாள் முன்னால் வையுங்கள்.

டிக்கெட் பற்றி ஒரு சின்ன விஷயம். பல விமான நிறுவனங்கள் 10 பேரோ அதற்கு மேலோ போனால் குழு முன்பதிவு தருகின்றன. அதில் பெயர்களைப் பிறகு கொடுக்கலாம் என்பது நல்ல வசதி, ஆனால் விலை எப்போதும் குறைவாக இருக்காது. இணையத்தில் ஒரே தேடலில் எட்டு இருக்கை கேட்டால், மலிவான கட்டணத்தில் ஐந்தே இருக்கை மீதி இருக்கும்போது எட்டுக்கும் மேல் கட்டணத்தைக் காட்டிவிடும். இரண்டிரண்டாகத் தேடிப் பாருங்கள்.

மாதம்

மழைக்காலத்தில் தீவு மலிவு. எவ்வளவு மழை, எந்தக் கரையில் மழை என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். பாலியில் ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மாலத்தீவில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. தாய்லாந்தில் ஒரே நாட்டுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழை என்றால், மறுபக்கக் கடலில் இருக்கும் கோ சமுயில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். மொரீஷியஸில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் வரலாம். பூமத்திய ரேகையை ஒட்டிய தீவுகளுக்குப் புயல் பயம் மிகக் குறைவு, ஏனென்றால் காற்றைச் சுழல வைக்கும் பூமிச் சுழற்சியின் விளைவு அங்கே மிகவும் பலவீனம்.

என் கருத்து: உச்சப் பருவத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் மூன்று நான்கு வாரங்களைக் குறி வையுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அறை வாடகை மட்டுமல்ல, ‘குறைந்தது ஐந்து இரவு’ போன்ற நிபந்தனைகளும் அப்போதுதான் முளைக்கும். வார நாளில் வைத்தால் படகுக்காரரிலிருந்து போட்டோகிராபர்வரை எல்லோரிடமும் பேச இடம் கிடைக்கும். எங்கள் கல்யாணம் புதன்கிழமை. எப்படியும் லீவு போட்டுத்தான் எல்லோரும் வரப்போகிறார்கள், கிழமை அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

காகிதம்

சட்டப்படி அங்கேயே பதிவு செய்வதா என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். ஹவாயில் காத்திருக்கும் காலம் கிடையாது, திருமண உரிமம் 30 நாள் செல்லும். ஜமைக்காவில் தீவில் இறங்கி 24 மணி நேரம் கழிந்தால் போதும். இந்தோனேசியாவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மதச் சடங்கோடு நடந்தால்தான் திருமணம் செல்லும், அதனால் இரு மதத்தவருக்கு அங்கே பதிவு மிகவும் சிக்கல். தாய்லாந்தில் உங்கள் நாட்டுத் தூதரகத்திலிருந்து ‘மணமாகாதவர்’ என்ற உறுதிமொழிக் கடிதம் கேட்பார்கள். இதற்கெல்லாம் மொழிபெயர்ப்பு, அத்தாட்சி, அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டிலும் செல்ல அரசு வைக்கும் சான்று), தூதரகம் இருக்கும் நகரத்துக்கு ஒரு பயணம் என்று செலவு வளரும்.

நாங்கள் சொந்த ஊரில் அமைதியாகப் பதிவு செய்துவிட்டுத் தீவில் சடங்கை மட்டும் வைத்துக்கொண்டோம். பட்ஜெட் சின்னது என்றால் நீங்களும் அதையே செய்யுங்கள். காகிதச் செலவு எங்களுக்கு மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கோடு நின்றது. தீவில் போய் ஏதாவது ஒரு சான்றிதழில் எழுத்துப் பிழை என்று தெரிந்து மனம் பதைக்கும் நிலையும் வரவில்லை.

கொட்டேஷனைப் படிப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

நான்கு ரிசார்ட்டுகளிடம் விலை கேட்டேன். நான்கும் நான்கு விதமாக எழுதி வந்தன. ஒன்றில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. வரியும் சர்வீஸ் சார்ஜும் இந்த விலையில் சேரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பாலியில் அந்தக் கூட்டல் குறிகள் பொதுவாக 21 சதவீதம். மாலத்தீவில் சுற்றுலாத் துறைக்கான சரக்கு சேவை வரி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், அதோடு 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். இரண்டும் சேர்ந்தால் கால் பங்குக்கு மேல் போய்விடும். போதாததற்குத் தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பசுமை வரி தனி. 100 என்று போட்ட சாப்பாடு 125ஐத் தாண்டி வரும்போது, ஐந்து சாப்பாடு, 34 பேர் என்று பெருக்கினால் 170 தட்டிலும் அந்த வித்தியாசம் ஏறுகிறது.

அதனால் கொட்டேஷன் வந்தவுடன் இன்னொன்று கேட்டு வாங்குங்கள்: “வரி, சர்வீஸ் சார்ஜ், எல்லாம் சேர்த்து, நாங்கள் கிளம்பும் நாளில் கட்ட வேண்டிய கடைசித் தொகை எவ்வளவு?” இதை எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.

அப்புறம் இந்தக் கேள்விகள். வெளியிலிருந்து போட்டோகிராபரையோ மேக்கப் செய்பவரையோ கூட்டி வந்தால் தனிக் கட்டணம் உண்டா? பல ரிசார்ட்டுகளில் உண்டு. இசையை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும்? மழை வந்தால் உள்ளே எந்த இடம், அதற்குத் தனி வாடகையா? மேசை நாற்காலி தீவிலேயே இருக்கிறதா, படகில் வர வேண்டுமா? போட்டோகிராபர், மைக் செட் ஆட்கள், படகோட்டி ஆகியோரின் சாப்பாடு யார் கணக்கு? எங்களுக்கு அப்படி ஒன்பது சாப்பாடு கூடியது. அதை நான் 34இல் எண்ணியிருக்கவில்லை. இப்போது என் தாளில் ‘வேலைக்கு வருபவர்கள்’ என்று தனி வரி இருக்கிறது.

எல்லாமே படகேறி வரும்

ஒரு சின்னத் தீவில் என்ன விளைகிறதோ, என்ன பிடிபடுகிறதோ அதுதான் மலிவு. மற்ற எல்லாவற்றுக்கும் சரக்குப் படகின் கூலி ஏறியிருக்கும். இதை ஒரு முறை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி முடிவுகள் தானே எடுபடும்.

பூவைப் பாருங்கள். தங்கைக்கு வெளிர் ரோஜாதான் வேண்டும் என்று இருந்தது. அங்கே ரோஜா விமானத்தில் வந்து, படகில் வந்து, ஐஸ் பெட்டியில் ஓர் இரவு இருந்து, மறுநாள் மாலை வெயிலில் தொங்கிவிடும். தீவில் தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மா ஆர்க்கிட், பெருங்கள்ளி, செவ்விஞ்சிப் பூ, பனையோலை எல்லாம் தந்தார். விடியற்காலையில் வெட்டிய ஆர்க்கிட் மறுநாள் மதியம்வரை மேசையில் வாடாமல் இருந்தது. பூவுக்கு எங்கள் மொத்தத்தில் நூற்றில் மூன்று பங்குதான் போனது. ரோஜா என்று நின்றிருந்தால் அந்த வரி இரு மடங்கைத் தாண்டியிருக்கும். தங்கை சம்மதித்ததற்குக் காரணம் விலை இல்லை. அந்த அம்மா ஒரு கொத்தைக் கட்டி அவள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

கேக்கும் இப்படித்தான். வெண்ணெய் 32, 35 டிகிரியில் உருகும். மாலை நான்கு மணிக்கு அங்கே நிழலிலேயே 31 டிகிரி. மூன்றடுக்கு வெண்ணெய்க் கிரீம் கேக்குக்குப் பணம் கொடுத்து, அதைக் குளிரில் வைக்க ஓர் அறைக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சின்னதாக ஒன்று, வெட்டும் நிமிடத்தில் வெளியே வரட்டும்.

ஐஸ் மட்டும் தாராளமாகச் சொல்லி வையுங்கள். நான் தலைக்கு ஒரு கிலோ கணக்கில் சொன்னேன், இரவு ஒன்பது மணிக்குத் தீர்ந்துவிட்டது. அடுத்த கல்யாணத்தில் ஒன்றரை கிலோ சொன்னோம், சரியாக இருந்தது.

மனிதர்களும் படகேறித்தான் வர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு? மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலையில் தரையிறங்குபவர் தலைநகரில் ஓர் இரவு தங்க வேண்டும், அந்த அறையும் செலவு. அந்த விமானங்களில் பெட்டி எடை பொதுவாக 20 கிலோதான். கல்யாண உடைகளோடு போனால் கூடுதல் எடைக்குப் பணம் உறுதி. விருந்தினர்களுக்கு டிக்கெட் எடுக்கும் முன்பே, “இத்தனை மணிக்குள் தரையிறங்கும் விமானமாகப் பாருங்கள்” என்று சொல்லிவிடுங்கள். எங்கள் 34 பேரும் ஐந்து விமானங்களில் வந்தார்கள். நேரத்தை ஒழுங்கு செய்ததில் இரண்டே படகு நடையில் முடிந்தது. இல்லாவிட்டால் நான்கு நடை ஆகியிருக்கும்.

ஐந்தரை மணியும் ஜெனரேட்டரும்

முதலில் சடங்கை மாலை 5:30க்கு வைத்திருந்தோம். படத்தில் பார்க்கும் அந்தப் பொன் வெளிச்சம் வேண்டும் என்றுதான். அங்கே சூரியன் 6:12க்கு மறையும். பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்கும். மறைந்த இருபது இருபத்தைந்து நிமிடத்தில் நல்ல இருட்டு. நீண்ட அந்தி அங்கே கிடையாது. சடங்கு கால் மணி தாமதமானாலும் பாதி இருட்டில் நடக்கும், அதற்கு மணலில் விளக்குக் கம்பங்கள் நட வேண்டும், அதற்கு ஒரு தொகை. 4:30க்கு மாற்றினோம். அந்த விளக்குகள் மொத்தமாகப் பட்டியலிலிருந்து போயின. சாப்பிடும் இடத்துக்கு மட்டும் விளக்கு போட்டால் போதும் என்றாகிவிட்டது.

கடல் நீரின் ஏற்றத்தையும் வற்றத்தையும் பார்க்க வேண்டும். ரிசார்ட் அனுப்பிய படத்தில் அகலமான கடற்கரை இருந்தது. அந்தப் படம் நீர் உள்வாங்கியிருந்த வற்ற நேரத்தில் எடுத்தது. ஏற்றம் வரும் நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம்போலத் தள்ளிக்கொண்டே போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் இன்னும் மேலே வரும். எங்கள் தேதிக்கான ஏற்ற வற்ற அட்டவணையை எடுத்துப் பார்த்தால் மாலை ஐந்து மணிக்கு ஏற்றம் உச்சத்தில். கரையில் நாற்காலி போட இடமே இருந்திருக்காது. சரி என்று மரங்களுக்கு அடியில் இருந்த புல்வெளிக்கு மாறினோம். மரப் பலகை மேடை தேவைப்படவில்லை, காற்றும் குறைவு. கடல் பின்னால் தெரிந்தது.

இவ்வளவு பார்த்தும் ஓரிடத்தில் விட்டுவிட்டேன். ஒப்பந்தத்தில் ‘மின் வசதி உண்டு’ என்று எழுதியிருந்தது. நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். முந்தைய நாள் மாலை மைக் செட்டையும் விளக்குகளையும் போட்டுப் பார்த்தால், மின்சாரம் என்பது பக்கத்துக் குடிலிலிருந்து இழுத்த ஒரே ஒயர். சாப்பாடு சூடாக வைக்கும் அடுப்புகளை மாட்டியவுடன் எல்லாம் அணைந்தது. அந்தப் புல்வெளியில் தங்கையும் மாப்பிள்ளையும் செல்போன் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். இரவோடு இரவாகப் பக்கத்துத் தீவில் பேசி, மறுநாள் காலை படகில் ஜெனரேட்டர் வந்தது. வாடகை, படகு, ஆள், டீசல் என்று எங்கள் கையிருப்பில் பெரிய துண்டு போனது.

அதை முன்பே கணக்குப் போட ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். விளக்கு 2 கிலோவாட், மைக் செட் 3, சூடு வைக்கும் அடுப்புகள் 4. மொத்தம் 9 கிலோவாட். ஜெனரேட்டரின் அளவை கேவிஏவில் சொல்வார்கள், பொதுவாக கிலோவாட்டை 0.8ஆல் வகுத்தால் வரும் எண். 9ஐ வகுத்தால் 11.25. மூச்சுவிட இடம் வைத்து 15 கேவிஏ கேளுங்கள். எத்தனை மணி நேரத்துக்கு டீசல் வாடகையில் சேர்ந்தது என்பதையும் கேளுங்கள்.

பணத்தை அனுப்புவது

பாதித் தொகை வெளிநாட்டு நாணயத்தில் போகும். இன்றைய மாற்று விகிதத்தில் கணக்குப் போடாதீர்கள். நான் அன்றைய விகிதத்தோடு 5 சதவீதம் கூட்டித் தாள் முழுவதும் அதையே வைத்தேன். அட்வான்ஸ் கட்டிய நாளுக்கும் கடைசித் தவணைக்கும் ஏழு மாத இடைவெளி. விகிதம் நமக்கு எதிராகவே நகர்ந்தது, கூட்டி வைத்த ஐந்து போதவில்லை, கையிருப்பிலிருந்தும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது.

வங்கி வழியாக அனுப்பும்போது நடுவில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் சேர்க்கும். ரிசார்ட் ‘தொகை குறைகிறது’ என்று மறுபடி கேட்கும். அனுப்பும் படிவத்திலேயே எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது என்று குறித்துவிடுங்கள். தீவில் கார்டைத் தேய்க்கும்போது, “உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?” என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். நம் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த இயந்திரக்காரர் வைத்த விகிதம்தான், அது பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

கட்ட வேண்டிய பணத்தை மூன்றாகப் பிரிக்கக் கேளுங்கள்: பிடிக்கும்போது ஒன்று, மூன்று மாதம் முன்னால் ஒன்று, நிகழ்ச்சி முடிந்ததும் ஒன்று. எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் புயலோ படகு நிறுத்தமோ வந்தால் தேதியை மாற்றிக் கொடுப்பார்களா, பணத்தைத் தருவார்களா என்ற வரி மட்டும் ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும்.

எங்கள் கணக்கு எப்படிப் பிரிந்தது

தொகையைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படாது. பங்குகளாகச் சொல்கிறேன். மொத்தம் 100 என்றால், சாப்பாடும் பானமும் 27, நாங்கள் கட்டிய அறைகள் 24, நாற்காலி மேசை விளக்கு மைக் எல்லாம் 12, வேனும் படகும் 10, போட்டோ 8, பூ 3, உடையும் மேக்கப்பும் 3, காகிதம் 1. மீதி 12 கையிருப்பு.

அந்த 12ஐ எந்தச் செலவுக்கும் ஒதுக்காமல் கடைசிவரை தனியாக வைத்திருந்தேன். வீட்டில் பலரும் அதன் மேல் கண் வைத்தார்கள், வாணவேடிக்கை வைக்கலாம், போட்டோகிராபரை இன்னொரு நாள் கூப்பிடலாம் என்று. கொடுக்கவில்லை. கடைசியில் ஜெனரேட்டருக்கு 4 போனது, நாணய விகிதத்துக்கு 2, கிளம்ப வேண்டிய நாளில் கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டதால் எல்லோருக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஆறு அறைகளுக்கு இன்னோர் இரவுக்கும் 3. மொத்தம் 9.

குறைக்க வேண்டி வந்தால் எங்கே கை வைப்பது? நான் முதலில் இரவுகளில் வைப்பேன், அப்புறம் அலங்காரத்தில். சாப்பாட்டில் வகைகளைக் குறைக்கலாம், அளவைக் குறைக்க வேண்டாம். தூரம் கடந்து வந்தவர் பசியோடு இருக்கக் கூடாது. போட்டோகிராபரை ஊரிலிருந்து கூட்டிப் போனால் டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் சேரும். தீவிலேயே இருப்பவரின் பழைய கல்யாணம் ஒன்றின் முழுத் தொகுப்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேர்ந்தெடுத்த பத்துப் படம் யாருடையதும் நன்றாகத்தான் இருக்கும். எங்களுக்கு அங்கேயே ஒரு பெண் கிடைத்தார், அந்த ஊர் வெளிச்சத்தை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்.

கிளம்பும் முந்தைய இரவே பில்லை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். காலையில் எல்லோரும் பெட்டியோடு நிற்கும்போது சரிபார்க்க முடியாது. நான் இரவு பத்து மணிக்கு வரவேற்பறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இரண்டு மேசை விரிப்பு இரண்டு முறை ஏறியிருந்தது, காலியாக விட்ட ஓர் அறை மூன்றாவது இரவுக்கும் இருந்தது. கவுன்டரில் இருந்த பையன் மறு பேச்சில்லாமல் திருத்தினான். உறைகளில் சன்மானம் போட்டு, மேலே பெயர் எழுதி, தோட்டக்கார அம்மாவுக்கு ஒன்று, படகோட்டிகள் இருவருக்கு இரண்டு, சமையலறைக்கு ஒன்று என்று எடுத்து வைத்தேன். இதற்கும் உங்கள் தாளில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.